காக்டெயிலுக்கு கூண்டு வாங்கப் போறீங்களா, டேப் எடுத்துட்டு போங்க

எங்க வீட்ல பொரின்னு ஒரு காக்டெயில், அதாவது தலையில கொண்டை வெச்ச சின்னக் கிளி, இருக்கான், ரெண்டு வயசு ஆகப் போகுது. அவனுக்கு ஆறு மாசம் முன்னாடி வாங்கின கூண்டு 30 இஞ்ச் நீளம், 18 இஞ்ச் அகலம், 30 இஞ்ச் உயரம், பவுடர் கோட்டிங் போட்டது, அடியில சக்கரம் வெச்ச ஸ்டாண்டோட 7,200 ரூபா. நல்ல கூண்டுதான், குறையும் இருக்கு. ஆனா இதுக்கு முன்னாடி ஒண்ணு வாங்கி பட்ட பாட்டை சொன்னாதான் இதுல என்னென்ன பார்த்து வாங்கினேன்னு புரியும்.

மொதக் கூண்டு பொரியை வாங்கின கடையிலயே எடுத்தது. உருண்டையா, மேல கோபுரம் மாதிரி, தங்கக் கலர், 1,500 ரூபா. "சின்னப் பறவைதானே மேடம், இதுவே தாராளம்"னு கடைக்காரர் சொன்னாரு, நானும் நம்பி தூக்கிட்டு வந்துட்டேன். வாலோட சேர்த்து அவன் ஒரு அடி நீளம், கூண்டோட குறுக்களவு 14 இஞ்ச். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் வால் கம்பியில உரசி உரசி நுனியெல்லாம் தொடப்பக்குச்சி மாதிரி பிஞ்சு போச்சு. கம்பி அத்தனையும் செங்குத்து, ஏறிப் பார்ப்பான், சர்ருனு சறுக்கிட்டு கீழ வந்துடுவான்.

காக்டெயிலுங்க ராத்திரில திடீர்னு பயந்து கண்ணுமண்ணு தெரியாம றெக்கையடிக்கும், வளர்க்கிறவங்களுக்கு தெரியும். ஒருநாள் நடுராத்திரி கரண்ட் போச்சு, ஹால்ல படபடன்னு ஒரே சத்தம், ஓடிப்போய் செல்போன் டார்ச் அடிச்சு பார்த்தா கோபுர உச்சியில கம்பியெல்லாம் ஒண்ணா சேர்ற இடத்துல ஒரு விரல் மாட்டி தலைகீழா தொங்கிட்டு இருக்கான். அங்க இடைவெளி மேல போகப் போக குறுகிக்கிட்டே போகுது, கால் உள்ள போனா இழுக்க இழுக்க இறுகத்தான் செய்யும். நான் துண்டுல சுத்திப் பிடிக்க, இவரு ஸ்க்ரூடிரைவரால கம்பியை நெம்பி விரலை எடுத்தாரு. நகம் பிஞ்சு ரத்தம். கார்ன்ஃப்ளவர் மாவை வெச்சு அழுத்திப் பிடிச்சதுல நின்னுச்சு, விடிஞ்சதும் டாக்டர்கிட்ட ஓடினோம். அவன் நெஞ்சு என் உள்ளங்கையில அடிச்சிக்கிட்ட வேகம் இன்னும் மறக்கல.

அதுக்கப்புறம் கடை கடையா டேப்போட போய் அளந்தேன். உயரத்தை பார்த்து ஏமாறாதீங்க, பறவை நேரா மேல பறக்காது, பக்கவாட்டுல தான் பறக்கும், அதனால நீளம்தான் முக்கியம், உள்ள ரெண்டு றெக்கையும் முழுசா விரிச்சா எங்கயும் இடிக்கக் கூடாது. கம்பி இடைவெளி இதுல அரை இஞ்ச். அதிகமானா தலையை விட்டுட்டு எடுக்க முடியாம மாட்டிக்கும். ரெண்டு பக்கமாவது படுக்கைக் கம்பி இருக்கணும், இதுல இருக்கு, இப்ப ஏணி ஏறுற மாதிரி ஏறுறான். விலை கம்மின்னு கால்வனைஸ்டு வலை அடிச்ச கூண்டு எடுக்க மனசு வந்துச்சு, ஆனா இதுங்க நாள் பூரா கம்பியை கடிக்கும், அந்தப் பூச்சுல இருக்கிற துத்தநாகம் உள்ள போனா விஷம், அதான் விட்டுட்டேன்.

இப்ப குறை. சாப்பாட்டுக் கிண்ணத்துக்கு இருக்கிற சின்னக் கதவு மேல தூக்கித் திறக்கிற டைப், ரெண்டே வாரத்துல மூக்கால தூக்கி வெளிய வந்துட்டான், ஃபேன் ஓடிட்டு இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே பகீர்னு இருக்கு. பேப்பர் கிளிப் பெருசா ஒண்ணு மாட்டி வெச்சிருக்கேன். கூட வந்த குச்சியெல்லாம் ஒரே தடிமன் பிளாஸ்டிக், எப்பவும் அதுலயே நின்னா பாதம் புண்ணாகும். எடுத்துட்டு பக்கத்து வீட்டு கொய்யாக் கிளையை மருந்து அடிக்காததான்னு கேட்டு வெட்டி, கழுவி வெயில்ல காயவெச்சு போட்டேன், பட்டையை உரிக்கிறதே அவனுக்கு வேலை. அடித்தட்டு ஆழம் பத்தல, தினை உமியெல்லாம் தரைக்கு வருது, தினம் ரெண்டு தடவை பெருக்குறேன். எறும்புக்கு ஸ்டாண்டு கால்ல தண்ணிக் கிண்ணம் வைக்கணும்னா சக்கரம் இடிக்குது, அதனால சக்கரத்தை கழட்டிட்டோம்.

கூண்டை ஒரு பக்கம் சுவரோட ஒட்டி வெச்சா தைரியமா இருக்கும், ராத்திரிக்கு சின்ன லைட் ஒண்ணு எரியட்டும், கரண்ட் போனாலும் எரியுற மாதிரி இருந்தா நல்லது. கிச்சன் பக்கமே வேணாம், நான்ஸ்டிக் தவா அதிகமா சூடாகி வர்ற புகையிலயே பறவைக்கு உயிர் போயிடும். இன்னொண்ணு, நம்மூர் பச்சைக்கிளிக்கு எது நல்ல கூண்டுன்னு கேட்டாங்க, அதை வீட்ல வளர்க்கிறதே 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதனால நான் எதுவும் சொல்லல.

பழைய தங்கக் கலர் கூண்டை மாடி வீட்டு அக்கா அவங்க பொண்ணு காக்டெயில் வாங்கப் போறான்னு சும்மா கேட்டாங்க. கொடுக்கல. காயலான் கடையில எடைக்குப் போட்டுட்டு, இந்தக் கூண்டோட அளவை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுத்தேன்.