புளூநோஸ் கப்பல் மாதிரிப் பெட்டி: எட்டுப் படகுகளில் ஆறைக் காணோம்

கனடாவின் பத்து சென்ட் நாணயத்தில் 1937 முதல் பாய் விரித்து ஓடிக்கொண்டிருக்கும் புளூநோஸ் கப்பலை, நூற்றில் ஒரு பங்கு அளவில் மரத்தால் கட்டிப் பார்ப்பதற்கான பெட்டி ஒன்று இணையவழியில் விற்பனைக்குக் கிடைக்கிறது. மதுரைக்கு வந்து சேரும்போது அஞ்சல் செலவுடன் ஏழாயிரம் ரூபாயை நெருங்கும் இப்பொருளைப் பொழுதுபோக்குக்காக மட்டுமின்றி, அந்தக் கப்பல் பிறந்த லூனன்பர்க் என்னும் சிற்றூர் எப்படிப் பிழைத்தது என்பதை எங்கள் தெருப் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டலாம் என்ற எண்ணத்திலும் வாங்கினேன். முதல் நோக்கத்துக்கு இது நல்ல பொருள். இரண்டாவது நோக்கத்துக்கு அரைகுறையான பொருள்.

மர வேலைப்பாட்டில் குறை சொல்ல அதிகம் இல்லை. அடிக்கட்டையும் விலாச்சட்டங்களும் லேசரால் துல்லியமாக வெட்டப்பட்டிருப்பதால் ஒன்றோடொன்று பிசகாமல் பொருந்துகின்றன. ஆனால் உடற்பகுதியின் மேல் ஒட்டவேண்டிய மெல்லிய பட்டைகள் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காய்ந்துபோய், முன்பக்க வளைவில் விரிசல் விடுகின்றன. வெந்நீரில் நன்றாக ஊறவைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு வளைத்தால் பாதகமில்லை. பெட்டியில் வரும் உப்புத்தாள் கையளவுத் துண்டுதான் என்பதால், மாசி வீதிப் பக்கம் போகும்போது கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பாய்த்துணியின் நெசவு, கயிறுகளின் பருமன், பின்பாய்மரம் முன்பாய்மரத்தை விட உயர்ந்து நிற்கும் விகிதம் ஆகியவை கண்ணுக்கு நிறைவாக இருக்கின்றன.

குறை கையேட்டில் இருக்கிறது. பல பக்கங்களுக்கு நீளும் வரலாற்றுக் குறிப்பு, கனடா, அமெரிக்கக் கப்பல்களுக்கு இடையே நடந்த பாய்மரப் பந்தயத்தைத் தவிர வேறொன்றையும் பேசவில்லை. 1920-ல் அமெரிக்காவின் கிளாஸ்டர் ஊர்க் கப்பலிடம் லூனன்பர்க் கப்பல் தோற்றது, அந்தத் தோல்வியைத் துடைக்க வில்லியம் ரூயே வரைந்த வடிவில் ஸ்மித் அண்ட் ரூலண்ட் பட்டறையில் புளூநோஸ் கட்டப்பட்டு 1921 மார்ச் 26 அன்று நீரில் இறங்கியது, அதே ஆண்டில் கேப்டன் ஆங்கஸ் வால்டர்ஸ் கோப்பையை மீட்டது எல்லாம் சுவையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்தப் பந்தயத்தின் விதியே, கடலில் உண்மையாக மீன்பிடித் தொழில் செய்த கப்பல்கள்தான் கலந்துகொள்ளலாம் என்பது. அந்தத் தொழிலைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை.

இந்த விடுபடல் பொருளிலும் தெரிகிறது. புளூநோஸ் சுமந்து சென்றவை எட்டுச் சிறு படகுகள். கிராண்ட் பேங்க்ஸ் என்னும் ஆழம் குறைந்த கடற்பரப்பை அடைந்ததும் அவற்றை இறக்கி, படகுக்கு இருவராகச் சென்று, நூற்றுக்கணக்கான கொக்கிகள் கோத்த நீண்ட தூண்டில் கயிறுகளைப் போட்டுக் காட் மீன் பிடித்தார்கள். கிடைத்த மீனைத் தாய்க்கப்பலின் வயிற்றில் உப்பிட்டு அடுக்கி, கரைக்கு வந்ததும் வெயிலில் காயவைத்தார்கள். சுருக்கமாகச் சொன்னால், நம் மீனவர்கள் கருவாடு போடுவது போன்ற தொழில்தான். அந்த உலர்மீனின் பெருஞ்சந்தை கரீபியத் தீவுகள். அங்கிருந்து உப்பும் வெல்லப்பாகும் ரம்மும் திரும்பி வந்தன. கப்பல் உரிமையை 64 பங்குகளாகப் பிரித்து, கடைக்காரர், பாய் தைப்பவர், கொல்லர் என ஊராரே வாங்கும் வழக்கம் இருந்ததால், ஒரு கப்பலின் இலாபமும் நட்டமும் பல வீட்டு அடுப்புகள் வரை சென்றன. 1926, 1927 ஆகிய ஆண்டுகளின் ஆகஸ்ட் புயல்களில் சேபிள் தீவருகே லூனன்பர்க் கப்பல்கள் பல மூழ்கி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அது ஓர் ஊரின் முதலீடும் உழைப்பும் சேர்ந்தே மூழ்கியதாக இருந்தது. இவ்வளவையும் விளக்க வேண்டிய எட்டுப் படகுகளுக்குப் பதிலாக, பெட்டியில் விரல் நீளத்தில் இரண்டே இரண்டு படகுகளை வைத்திருக்கிறார்கள். இடத்தைச் சிக்கனப்படுத்த ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைக்கும் வகையில் உண்மைப் படகுகளின் இருக்கைப் பலகைகள் கழற்றக்கூடியவையாக இருந்தன என்பதும் இங்கே காட்டப்படவில்லை. இருக்கைகள் ஒட்டியே வருகின்றன.

ஊரின் முன்கதையும் பின்கதையும் கையேட்டில் ஒரு வரி பெற்றிருக்கலாம். 1753-ல் பிரிட்டிஷார் இங்கே குடியமர்த்திய ஜெர்மானிய, சுவிஸ், பிரெஞ்சுப் புராட்டஸ்டன்ட் மக்கள் பெரும்பாலும் உழவர்கள். கடல் அவர்களுக்குப் பின்னாளில் கைவந்த தொழில். கோயிலைச் சுற்றி வீதிகள் விரியும் மதுரையிலிருந்து பார்ப்பவருக்கு, செங்குத்தான மலைச்சரிவையும் பொருட்படுத்தாமல் அளவுகோல் வைத்துக் கட்டம் போட்ட அவ்வூரின் தெருக்கள் விசித்திரமாகத் தோன்றும். அந்தக் கட்டத் திட்டத்துக்காகவே 1995-ல் யுனெஸ்கோ அவ்வூரின் பழைய பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. புளூநோஸ் 1942-ல் சரக்குக் கப்பலாக விற்கப்பட்டு, 1946-ல் ஹைட்டி அருகே பவளப்பாறையில் மோதி அழிந்தது. 1963-ல் அதே பட்டறையில் கட்டப்பட்ட இரண்டாம் புளூநோஸ் மீன் பிடிக்கப் பிறந்ததன்று. மதுபான நிறுவனம் ஒன்றின் விளம்பரத்துக்காகப் பிறந்தது. 1990-களின் தொடக்கத்தில் காட் மீன்வளம் சரிந்து தடை வந்த பிறகு, சுமார் 2,400 பேர் வாழும் அவ்வூர் ஸ்காலப் சிப்பி, உறைமீன் வணிகம், விமான உதிரிப்பாகங்கள், சுற்றுலா ஆகியவற்றைக் கொண்டு வாழ்கிறது. பெட்டியின் மூடியில் அச்சிட்டிருக்கும் வெற்றிக்கோப்பை இதில் எந்த இடத்தில் வருகிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், சுற்றுலாவில் என்பதே என் விடை.

எஞ்சிய ஆறு படகுகளைப் பற்றி விற்பனையாளருக்கு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது: அவை தனிப் பொட்டலமாகக் கிடைக்கும், விலை இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. இதைக் கொள்ளை என்றே கருதுகிறேன். நுண்ணிய மரவேலையில் பொறுமை உள்ளவர்கள் பெட்டியை வாங்கலாம், ஆனால் அந்தப் பொட்டலத்தை வாங்க வேண்டாம். பட்டைகளில் மிஞ்சும் துண்டுகளே ஆறு படகுகளுக்குப் போதும். இருக்கும் இரண்டில் ஒன்றை அச்சாக வைத்து ஈரப்பட்டையை வளைத்தால் வடிவம் வந்துவிடுகிறது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளிடம் கயிறு கட்டும் வேலையைத் தர வேண்டாம்.