கோத்தகிரி கணினி இசை முகாம்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட பங்களாவில் நடக்கும் கணினி இசையமைப்பு முகாமின் விளம்பரம் மறுபடியும் சுற்றிவருகிறது. போன கோடையில் அங்கே தங்கிப் படித்தவள் நான். குன்னூரில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லித்தருகிறேன். என்னைப் போல் இன்னொருவர் பணத்தைப் பறிகொடுக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கட்டணம் 28,000 ரூபாய். அதில் 9,000 ரூபாய் ‘மென்பொருள் உரிமம்’ என்று தனியாக வாங்கினார்கள். கொடுத்த பென் டிரைவில் இருந்தவை பியூர் டேட்டா, சூப்பர்கொலைடர் என்ற, கணினியில் ஒலியை உருவாக்கும் இரண்டு மென்பொருள்கள்தான். இரண்டும் இலவசம். பியூர் டேட்டாவை அமெரிக்கரான மில்லர் பக்கெட் 1990களில் எழுதி எல்லோருக்கும் திறந்துவிட்டார். சூப்பர்கொலைடரும் 2002 முதல் கட்டற்ற மென்பொருள். யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தபடி இறக்கிக்கொள்ளலாம்; உரிமத்துக்கென்று எவரும் ஒரு பைசா கேட்பதில்லை.

‘எங்கள் குழு பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய பாடக் கோப்புகள்’ என்று சிலவற்றைக் காட்டினார்கள். பியூர் டேட்டாவில் திரையில் உள்ள பெட்டிகளைக் கோடுகளால் இணைத்துத்தான் ஒலியை உருவாக்குவோம். முதல் கோப்பில் 440 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 440 அதிர்வு) ஒரு சைன் அலை, அதாவது கலப்பில்லாத ஒற்றை ஒலி, அதன் ஒலியளவைக் குறைக்க ஒரு பெட்டி, பிறகு ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பு. வீட்டுக்கு வந்து வேறொரு கணினியில் பியூர் டேட்டாவைப் புதிதாக நிறுவி, அதன் உதவிப் பகுதியைத் திறந்தேன். அதே கோப்பு. பெட்டிகள் அதே இடத்தில், எண்கள் அதே எண்கள். பக்கெட் தன் பாடநூலுக்காகச் செய்த உதாரணங்கள் அவை. அந்த நூலையும் அவர் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார். முகாம்காரர்கள் செய்தது ஒன்றுதான்: பெட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்த விளக்க வரிகளை அழித்துவிட்டுத் தங்கள் சின்னத்தைப் போட்டுக்கொண்டார்கள். புதிதாகக் கற்பவருக்கு அந்த விளக்க வரிகள்தான் பாடமே.

ஒரு ஒலி அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலையால் அசைத்து மணியோசை உண்டாக்கும் முறையைக் காட்டினார்கள். 1967இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இசையமைப்பாளர் ஜான் சௌனிங் கண்டது அது. ஓர் எண்ணை மாற்றினேன். குழல்போல் இழைந்த ஒலி உடைந்து கண்டாமணியாகிவிட்டது. “ஏன் சார் இப்படி மாறுகிறது?” என்று கேட்டேன். “அதெல்லாம் கணக்கு மேடம், உங்களுக்குத் தேவையில்லை” என்றார் பயிற்சியாளர். இரண்டு அலைகளின் அதிர்வெண்களும் எளிய முழு எண் விகிதத்தில் இருந்தால் ஸ்வரம் சேரும், இல்லையென்றால் உலோக ஓசை வரும். இவ்வளவுதான் விடை. இதை பக்கெட்டின் பாடநூலைப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

என் பணம் போனதைவிட மனதை அறுப்பது கூடலூரிலிருந்து வந்த ஒரு தம்பியின் கதை. அம்மாவின் கம்மலை அடகு வைத்துக் கட்டணம் கட்டியிருந்தான். தகரக் கூரையில் மழை விழும் ஓசையைப் பதிவு செய்து கொண்டுவந்திருந்தான். தனித்தனிச் சொட்டுகளாகத் தொடங்கி, போகப் போக ஒரே இரைச்சலாகத் திரளும் அருமையான பதிவு. அதை விநாடியில் நூறில் சில பங்கே நீளமுள்ள துணுக்குகளாக நறுக்கி, அடுக்கியும் பரப்பியும் ஒரு படைப்பே செய்திருக்கலாம். “இதை ஒருத்தர் கேட்டுவிட்டுச் சொன்னால் போதும் அக்கா” என்று கடைசி நாள்வரை காத்திருந்தான். யாரும் ஒரு நிமிடம்கூடக் கேட்கவில்லை. மென்பொருளும் நூலும் இலவசமாகக் கிடைக்கும் துறையில் ஆசிரியரின் காதுக்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். அதைத்தான் அவர்கள் தரவில்லை.

பள்ளத்தாக்கிலிருந்து ஏறும் பனிமூட்டத்தை ஈரப்பத உணரி பிடித்து, அதற்கேற்ப ஒலியும் படமும் மாறும் என்று விளம்பரத்தில் இருந்தது. உணரி பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை. கடைசி மாலை புரொஜெக்டரில் ஒரு பழைய வீடியோவை ஓட்டி, மேலே ஆயத்த இசைத்துண்டுகளை ஒட்டி, ‘உங்கள் கூட்டுப் படைப்பு’ என்றார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் ரசீதின் விவரம் புரிந்தது. ‘நன்கொடை’ என்று எழுதியிருந்தார்கள். நன்கொடை திரும்பாதாம்.

எந்த முகாமானாலும் சேரும் முன் பயிற்சியாளரின் சொந்தப் படைப்பு ஒன்றைக் கேளுங்கள். அதன் கோப்பை உங்கள் எதிரில் திறந்து விளக்கச் சொல்லுங்கள். ரசீதில் ‘பயிற்சிக் கட்டணம்’ என்று எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள். நாங்கள் சிலர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அடுத்து ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். நாம் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதென்றால் அங்கே புகாருக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். அந்த முகாமில் ஏமாந்தவர்கள் ரசீதையும் விளம்பரத்தின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள், சேர்த்தே கொடுத்துவிடலாம்.