ஸ்னோமொபைல் இன்ஜினில் ஒரு பைக்: பெல்ட்டா, கியர்பாக்ஸா?

பனிமேல் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலின் இன்ஜினைப் பைக் ஃபிரேமில் உட்கார வைக்கும் ஆசை எச்பி கணக்கிலிருந்துதான் கிளம்புகிறது. ரோட்டாக்ஸின் 849 சிசி டூ-ஸ்ட்ரோக் ட்வின் 165 எச்பி தரும் என்கிறது நிறுவனம். சாலை ஓட்டத்துக்கு வந்த டூ-ஸ்ட்ரோக் பைக்குகளில் இன்றும் வாயைப் பிளக்க வைக்கும் சுசூகி ஆர்ஜி500 காமாவே 1985-ல் 95 எச்பியோடுதான் வந்தது. ஆனால் காமாவின் இன்ஜினுக்குள் ஆறு கியர் இருந்தது. ஸ்னோமொபைல் இன்ஜினில் கியர்பாக்ஸே கிடையாது. கிராங்கின் ஒரு முனை கூம்பாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அதில் எதை மாட்டுவது என்பதிலேயே இந்த வேலையின் முக்கால் பங்கு அடங்கிவிடுகிறது.

முதல் வழி, இன்ஜினோடு வந்த சிவிடியை, அதாவது கியருக்குப் பதில் இரண்டு புல்லியும் ஒரு பெல்ட்டும் கொண்ட அமைப்பை, அப்படியே வைத்துக்கொள்வது. ஸ்கூட்டரில் இருக்கும் அதே தத்துவம்தான், அளவு மட்டும் பெரியது. கிராங்கில் இருக்கும் முன் புல்லி சுழற்சி வேகத்தில் இறுகும், பின் புல்லி சுமையைப் பார்த்து விரியும். வண்டி வேகம் ஏற ஏற விகிதம் மாறிக்கொண்டே போகும். இன்ஜினோ 8,000 ஆர்பிஎம் பக்கத்திலேயே நிற்கும். டூ-ஸ்ட்ரோக்குக்கு இது வரம். எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்ற வயிறு பெருத்த புகைக்குழாய் வேலை செய்யும் அந்தக் குறுகிய ஆர்பிஎம் பகுதியில்தான் அதன் சக்தி முழுக்க இருக்கிறது. சிவிடி அதை அந்தப் பகுதியை விட்டு நகரவே விடாது.

இடிக்கும் இடம் குறைந்த வேகம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 17 அங்குல பின் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர். முன்னால் 13 பல், பின்னால் 52 பல் ஸ்ப்ராக்கெட் என்றால் விகிதம் 4. சிவிடியின் தொடக்க விகிதத்தை 3.8 என்று வைத்து, 3,800 ஆர்பிஎம்மில் பெல்ட் பிடிக்கிறது என்றால், அப்போது சக்கரம் நிமிடத்துக்கு 250 சுற்று, அதாவது மணிக்கு 30 கிமீ. அதற்குக் கீழே பெல்ட் வழுக்கிக்கொண்டேதான் வண்டி நகரும். நெரிசலில் ஊர்ந்தால் பெல்ட் கருகும். ஆகவே இடையில் ஒரு ஜாக்ஷாஃப்ட், அதாவது இடைத்தண்டு, வைத்து, இன்னொரு செயின் வழியாக 1.5 அளவுக்குக் குறைக்க வேண்டும். 30 கிமீ என்பது 20 ஆகிவிடும். முன் புல்லியின் ஸ்பிரிங்கை இளக்கி 3,000-லேயே பிடிக்க வைத்தால் 16 கிமீ. பதிலுக்கு, 8,000 ஆர்பிஎம்மில் சிவிடி 1:1 நிலையில் இருக்கும்போது வேகம் 160 கிமீ. பெல்ட் அதையும் தாண்டி ஓவர்டிரைவுக்குப் போகும் என்பதால் எனக்கு இது போதும்.

ஜாக்ஷாஃப்டை நினைத்த இடத்தில் வைக்கவும் முடியாது. பெல்ட்டின் நீளம்தான் இரண்டு புல்லிகளுக்கும் இடையிலான தூரத்தை முடிவு செய்யும். கடைசி செயினுக்கான ஷாஃப்ட் ஸ்விங்-ஆர்ம் பிவட்டுக்குப் பக்கத்தில் இருந்தால்தான் சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது செயின் இழுபடாது. இந்த இரண்டையும் ஒத்துப்போக வைப்பதற்குள் ஃபிரேம் நீண்டுவிடும். புல்லிகளின் அகலம் வேறு ஃபுட்பெக்கை வெளியே தள்ளும், வளைவில் சாய்க்கும் கோணத்தைக் குறைக்கும். காலுக்குப் பக்கத்தில் 8,000 ஆர்பிஎம்மில் சுழலும் புல்லிக்கு ஃபைபர் கவர் போதாது. உடைந்தால் துண்டுகளைத் தாங்கும் உலோகக் கவசம் வேண்டும். பெல்ட் சூட்டை வெளியேற்ற அதில் காற்றுவழியும் வேண்டும். மழைநீர் உள்ளே போனால் பெல்ட் வழுக்கும் என்பதையும் அதே கவசம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் யாரும் செய்யாத காரியம் இல்லை. 1970-களில் வந்த ரோக்கன் ஆர்டி340 என்ற எண்டியூரோ (காட்டுப்பாதைப் போட்டி) பைக்கில் 335 சிசி சாக்ஸ் ஸ்னோமொபைல் இன்ஜினும் சிவிடியும்தான் இருந்தன. கயிற்றை இழுத்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். த்ராட்டிலை மூடி ஆர்பிஎம் இறங்கினால் பெல்ட் பிடியை விட்டுவிடும், இன்ஜின் பிரேக்கிங் என்று எதுவும் மிஞ்சாது. அந்த வண்டியில் முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக் இருந்தது எவ்வளவு நல்லது என்று ஓட்டினவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது வழி, தனியாகக் கிடைக்கும் கியர்பாக்ஸ். பழைய நார்ட்டன், ஹார்லி பிக்-ட்வின் மாதிரி வண்டிகளில் கியர்பாக்ஸ் இன்ஜினிலிருந்து பிரிந்தே இருக்கும். நடுவில் ஒரு திறந்த பிரைமரி பெல்ட் போட்டு இணைக்கலாம். கிளட்ச் லீவர், காலால் கியர், இன்ஜின் பிரேக்கிங் எல்லாம் திரும்பிவிடும், பைக் பைக்காகவே இருக்கும். கேட்க இனிக்கிறது. ஆனால் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது ஆர்பிஎம் 30 சதவீதம் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8,300-ல் மாற்றினால் 5,800-ல் போய் விழும். சிவிடிக்கென்றே வடிவமைத்த இன்ஜினுக்கு அங்கே ஒன்றும் இல்லை, இருமிக்கொண்டு ஏறும். நெருக்கமான விகிதங்கள் கொண்ட கியர்செட் தேடிப் போனால் செலவு இன்ஜின் விலையைத் தாண்டலாம். வலுவும் பார்க்க வேண்டும். நார்ட்டன் கமாண்டோவே 60 எச்பி பக்கம்தான். 120 எச்பி தரும் 600 சிசி இன்ஜினை அதே கியர்பாக்ஸில் கட்டினால் பல் எத்தனை நாள் தாங்கும்? ஹார்லி பெட்டி தாங்கும், ஆனால் எடையோடும் அகலத்தோடும்தான் வரும்.

பலரும் யோசிக்காத ஒன்று: சிவிடியின் முன் புல்லி பாதி ஃப்ளைவீல் வேலையும் பார்க்கிறது. அதைக் கழற்றி லேசான பெல்ட் புல்லி போட்டால் ஐட்லிங் தடுமாறும், கிளட்ச் விடும்போது இன்ஜின் பொசுக்கென்று அணையும். எடையான ஹப் ஒன்றை லேத்தில் கடைந்து கிராங்கின் கூம்புக்குப் பொருத்த வேண்டியிருக்கும்.

இன்ஜின் கிராங்க்கேஸை வெட்டி, வேறொரு பைக்கின் கியர்பாக்ஸ் பகுதியோடு ஒட்டும் மூன்றாவது வழியும் உண்டு. சொந்தமாக மில்லிங் மெஷினும் தளராத பொறுமையும் உள்ளவர்களுக்கு மட்டும்.

என் ஓட்டு சிவிடிக்கு. சிவிடி பிடிக்காதவருக்கு ஸ்னோமொபைல் இன்ஜின் எதற்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. யமஹாவின் ஆர்எக்ஸ்-1 விஷயத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். 2003 மாடலாக வந்த அந்த 998 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக், ஆர்1 பைக் இன்ஜினின் உறவுக்காரர்தான், கியர்பாக்ஸைத் துறந்தவர். அதற்குக் கியர்பாக்ஸ் தேடி அலைவதற்கு, ஆர்1 இன்ஜினையே வாங்கிப் போட்டுவிடலாம்.

டூ-ஸ்ட்ரோக்கிலேயே எது? ரோட்டாக்ஸ் 503 போன்ற ஃபேன்-கூல்டு இன்ஜின் 50 எச்பி சுற்றுவட்டாரத்தில் நிற்கும், ரேடியேட்டர் தலைவலி இல்லை. முதல்முறை கட்டுபவருக்கு இது மோசமில்லை. லிக்விட்-கூல்டு 600-தான் நடுவாந்திரம். 800 சிசியின் சக்தியைச் சாதாரண பைக் ஃபிரேம் தாங்காது. லிக்விட்-கூல்டு எதை எடுத்தாலும், ஸ்னோமொபைலில் அதைக் குளிர்விப்பது வண்டிக்கு அடியில் சுழலும் டிராக் பட்டை வாரியடிக்கும் பனி. அது படும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் பைக்கில் வெறும் அலுமினியத் தகடு. நல்ல பெரிய ரேடியேட்டரும் ஃபேனும் புதிதாக வேண்டும்.

கார்புரேட்டர் மாடலாகப் பார்த்து எடுங்கள். ஃப்யூவல் இன்ஜெக்ஷன் என்றால் இசியு என்ற கட்டுப்பாட்டுக் கணினி, முழு வயரிங், ரோட்டாக்ஸ் இன்ஜினோடு வரும் ஸ்கி-டூ ஸ்னோமொபைல்களில் அந்த இசியு மட்டுமே ஏற்கும் கோடு செய்த, கயிற்றால் ஓட்டுபவரோடு கட்டிய டெதர் சாவி, எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். இன்னொன்று, ரோட்டாக்ஸ் இன்ஜின்கள் பலவற்றில் ரிவர்ஸ் கியருக்குப் பதில் ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் இன்ஜின் அணையும் தறுவாய்க்கு இறங்கும், தீப்பொறியின் நேரம் மாறும், கிராங்கே எதிர்த்திசையில் சுழலத் தொடங்கும். இன்ஜின் வந்த அன்றே அந்தப் பட்டனின் வயரைக் கழற்றி விடுங்கள்.