கோலாலம்பூரில் இருந்தபடி ஊர் நம்பரை உயிரோடு வைத்திருப்பது

திருச்சியில் வாங்கிய ப்ரீபெய்டு நம்பர் ஒன்று பல வருடமாக என் போனில் இரண்டாவது சிம்மாகக் கிடக்கிறது. அதில் நான் யாரிடமும் பேசுவதில்லை. அம்மா முதல் பள்ளிக்கூட நண்பர்கள் வரை எல்லோரும் வாட்ஸ்அப்பில் மலேசிய நம்பருக்கு வந்துவிட்டார்கள். ஊர் நம்பருக்கு வருவது ஓடிபியும், "சார், பர்சனல் லோன் வேணுமா?" என்ற அழைப்பும்தான். ஆனாலும் ஆதார், வங்கி, பிஎஃப், எல்ஐசி, வருமான வரி என்று ஊரில் எனக்குள்ள அத்தனை கணக்கும் அந்தப் பத்து இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன.

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியா பக்கமோ என்னைப்போல வேலைக்கு வந்த நாலு பேர் கூடினால், பேச்சு எப்படியும் இங்கே ஒருமுறை வந்துவிடும்: "உங்க இந்தியா நம்பர் இன்னும் இருக்கா?" எனக்கு இருக்கிறது. அதற்கு என்ன செலவாகிறது, எங்கே இடறுகிறது என்பதை எழுதிவிடுகிறேன்.

நான் வந்த புதிதில் இது ஒரு வேலையாகவே இல்லை. கொஞ்சம் டாக்டைம் போட்டு வைத்து, எப்போதாவது ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் போதும், நம்பர் கிடக்கும். 2018 கடைசியில் தனியார் நிறுவனங்கள் மாதாமாதம் குறைந்தபட்ச ரீசார்ஜ் கட்டாயம் என்று கொண்டுவந்தன. அப்போது 35 ரூபாய். அதுவே ஏறி ஏறி, 2024 ஜூலை விலையேற்றத்துக்குப் பிறகு ஏர்டெல்லில் 28 நாளுக்கு 199 ரூபாய் ஆனது. 28 நாள் கணக்கென்றால் வருடத்துக்கு 13 முறை. நாம் தொடவே போகாத டேட்டாவுக்கும் சேர்த்துத்தான் இந்தக் காசு. காசைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை ஞாபகமாகச் செய்ய வேண்டியிருந்ததுதான் பெரிய ரோதனை.

2024 டிசம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு நல்ல காரியம் செய்தது. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் தரவேண்டும் என்றது. இந்த வகை பேக்குகளுக்கு 90 நாளாக இருந்த உச்சவரம்பையும் 365 நாளாக்கியது. அடுத்த மாதமே ஏர்டெல் 365 நாளுக்கு 1,849 ரூபாய், ஜியோ 336 நாளுக்கு 1,748 ரூபாய் என்று அறிவித்தன. விலை மாறிக்கொண்டே இருக்கும், போடும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குப்படி நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) ஒரு வருடம் ஓடிவிடும். எனக்கு இதைவிடப் பொருத்தமான பேக் இதுவரை கண்ணில் படவில்லை. ஒரே விஷயம், ஆப்பைத் திறந்ததும் டேட்டா பேக்குகள்தான் வரிசைகட்டி நிற்கும். இதைக் கீழே போய்த் தேடித்தான் பிடிக்கவேண்டும். விற்கிறவர்களுக்கு இதில் என்ன ஆசை இருக்கப்போகிறது!

இந்த இடத்தில் ஒரு வாட்ஸ்அப் வதந்தியைப் பற்றியும் சொல்லிவிடவேண்டும். "இருபது ரூபாய் பேலன்ஸ் இருந்தாலே சிம் செத்துப்போகாது, டிராய் புது விதி" என்று 2025 ஜனவரியில் எல்லாக் குழுவிலும் சுற்றியது. விதி உண்மைதான், ஆனால் அது 2013லேயே வந்தது. 90 நாள் எந்த உபயோகமும் இல்லாவிட்டால், பேலன்ஸில் இருந்து 20 ரூபாய் பிடித்துக்கொண்டு நம்பரை இன்னும் 30 நாள் விட்டுவைப்பார்கள். அந்த விதி காப்பாற்றுவது நம்பர் உங்கள் பெயரில் இருப்பதை மட்டும்தான். ரீசார்ஜ் வேலிடிட்டி முடிந்தால் முதலில் வெளியே போகும் அழைப்பு நிற்கும், அப்புறம் உள்ளே வருவதும் நிற்கும். பெயரில் நம்பர் இருந்து ஓடிபி வராவிட்டால் நமக்கு என்ன பயன்? எனவே இருபது ரூபாய்க் கதையை நம்பி இருக்காதீர்கள்.

கடைசி நாள் வரை தள்ளிப்போடுபவர்களுக்கு ஒரு தகவல்: இந்தியாவில் நள்ளிரவு என்பது இங்கே அதிகாலை இரண்டரை மணி.

கோலாலம்பூரில் இருந்து காசு கட்டுவது அடுத்த பிரச்சினை. இங்கத்திய வங்கி அட்டையை இந்திய நிறுவனங்களின் ஆப்பில் போட்டால் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஊரில் யுபிஐ வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் யார் நம்பருக்கும் ரீசார்ஜ் செய்யலாம் என்பதால், எனக்கு என் தங்கை போட்டுவிடுகிறாள். யாரும் இல்லையென்றால் பிரிக்ஃபீல்ட்ஸில் போன் கடையிலோ, பணம் அனுப்பும் கடையிலோ "இந்தியா ரீலோட் இருக்கா அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு ஒரு லாபம் வைத்துத்தான் போடுவார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ரூபாய்த் தொகை பேக்கின் விலையோடு அச்சாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். கூடக்குறைய இருந்தால் வெறும் டாக்டைமாக ஏறிவிடலாம், வேலிடிட்டி நகராது.

இனி ரோமிங். வெளிநாடு போகும் முன் ஊரிலேயே இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் செய்துவிட வேண்டும். அதற்குத் தனி பேக் வேண்டுமா என்பதை உங்கள் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரோமிங்கில் உள்ளே வரும் எஸ்எம்எஸ் இலவசம், நம் முழுத் திட்டமும் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது. அழைப்பு வந்தால் எடுக்காதீர்கள். எடுத்தால் நிமிடத்துக்குக் காசு, அதுவும் எதிர்முனையில் லோன்காரர். அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை அணைத்தே வையுங்கள்.

ஓடிபி சில நேரம் வராது, அல்லது அரைமணி கழித்து ஐந்தாறு சேர்ந்து வரும். எனக்குப் பலமுறை கைகொடுத்தது நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுப்பது. செட்டிங்கில் தானியங்கித் தேர்வை அணைத்தால் மேக்சிஸ், செல்காம்டிஜி, யூ மொபைல் என்று பட்டியல் வரும். ஒன்றில் வராவிட்டால் இன்னொன்றில் போய் உட்காருங்கள். ஏரோபிளேன் மோடைத் தட்டி எடுப்பதைவிட இது நம்பகமானது. மலேசியாவில் 2021 கடைசியோடு 3ஜி மூடப்பட்டுவிட்டது. ஆகையால் மிகப் பழைய போனில் ஊர் சிம்மைப் போட்டு இழுப்பறையில் வைத்திருப்பவர்களுக்கு 2ஜி கிடைத்தால்தான் உண்டு. இழுப்பறைப் போன் முறையே எனக்குப் பிடிக்காது. ஓடிபி கேட்கும் நேரத்தில்தான் அது சார்ஜ் இல்லாமல் செத்திருக்கும். இரண்டு சிம் போடும் போன்தான் சரி.

உள்ளே வருவது இலவசம் என்று நிம்மதியாக இருப்பவர்களை ஒரு நாள் கவிழ்ப்பது, வெளியே போகவேண்டிய ஒற்றை எஸ்எம்எஸ். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் புதுப் போன் வாங்கினார். யுபிஐ ஆப்பைப் புதிதாகப் போட்டதும், "உங்கள் சிம்மில் இருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பப்படும்" என்றது. யுபிஐயின் பாதுகாப்பே அதுதான்: அந்த நம்பர் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது என்பதை சிம்மே எஸ்எம்எஸ் அனுப்பி நிரூபிக்கவேண்டும். அவரிடம் வருடப் பேக் இருந்தது, அதில் ஆயிரக்கணக்கில் எஸ்எம்எஸ்ஸும் இருந்தது. ஆனால் அவை இந்தியாவுக்குள் அனுப்ப மட்டும். ரோமிங்கில் போகும் எஸ்எம்எஸ்ஸுக்கு மெயின் பேலன்ஸில் இருந்துதான் காசு பிடிப்பார்கள், அதுவும் ரோமிங் விலையில். மெயின் பேலன்ஸ் பூஜ்யம். தோல்வி, மறுபடி தோல்வி, அப்புறம் நாளைக்கு முயற்சி செய்யுங்கள் என்று பதில். ஊரில் இருந்து டாக்டைம் ரீசார்ஜ் போட்டுக் கொடுத்தபிறகுதான் சரியானது. எனவே வேலிடிட்டி பேக்குக்கு மேல் நூறு, இருநூறு ரூபாய் டாக்டைம் எப்போதும் கிடக்கட்டும். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் இன்னும் ஒன்று கவனிக்கவேண்டும்: ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் புதிதாக ஆன் ஆகும்போது ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். பேலன்ஸ் எங்கே போனது என்று தேடுபவர்கள் முதலில் அங்கே பாருங்கள்.

இ-சிம்முக்கு (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) மாறலாமா என்று கேட்பவர்கள் அதிகம். நான் மாறவில்லை. போன் பழுதானால் பிளாஸ்டிக் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுவிடலாம். இ-சிம் என்றால் மறுபடி வாங்கவேண்டும், வாங்குவதற்கான உறுதிப்படுத்தல் அந்தச் செத்த போனுக்கே வரும். கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு இந்திய சிம்முக்கு நகல் கேட்டால் யாரும் கொடுக்கப்போவதில்லை, ஆளே நேரில் வரவேண்டும். ஊருக்குப் போகும்போது சிம் மாற்றுவதாக இருந்தால் இறங்கிய மறுநாளே செய்துவிடுங்கள். சிம் மாற்றியபின் 24 மணி நேரம் அந்த நம்பரில் எஸ்எம்எஸ் வராது, போகாது. மோசடியைத் தடுக்க 2022ல் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த கட்டுப்பாடு அது. 2024 ஜூலையில் இருந்து, சிம் மாற்றிய ஏழு நாளுக்குள் வேறு நிறுவனத்துக்கு நம்பரை மாற்றவும் முடியாது. திருச்சியில் இருந்து திரும்பும் விமானத்தைப் பிடிக்கும் முந்தின நாள் மாலை சிம் மாற்றப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதே வேலையை எதிர்த் திசையில் செய்பவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. கிள்ளானில் பிறந்தவர், மகன் மணிப்பாலில் மருத்துவம் படிக்கிறான். அவனுடைய மலேசிய நம்பர் என்ன ஆனது என்று கேட்டேன். "ரீலோட் பண்ணிக்கிட்டுத்தான் இருக்கோம் தம்பி. ஆனா பேங்க் வேல எல்லாம் ஆப்லயே அப்ரூவ் பண்றதுதான் லா, சிம்ம யாரு பார்க்குறா" என்றார். உண்மை. 2022 செப்டம்பரிலேயே மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா, எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டுவிட்டுப் பாதுகாப்பான வழிக்கு மாறச் சொல்லி வங்கிகளுக்கு அறிவித்துவிட்டது. இங்குள்ள மேபேங்க் வங்கியில் செக்யூர்2யூ என்று ஆப்புக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. இந்தியாவிலும் ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகள் எஸ்எம்எஸ் தவிர்த்த வழிகளுக்கு இடம் தருகின்றன. அவை 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரவேண்டியவை. வங்கிகள் எவ்வளவு வேகமாக நகரும் என்பது வேறு விஷயம்.

என் கட்சி இதுதான்: நம்பரைக் காப்பாற்றுவதோடு, அதில் தொங்குவதையும் வருடாவருடம் குறைத்துக்கொண்டு வாருங்கள். வெளிநாட்டில் குடியிருப்பவர் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான கணக்கு) மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போதே மலேசிய நம்பரைப் பதிவு செய்யவும், மெயிலுக்கு ஓடிபி அனுப்பவும் வங்கியில் கேளுங்கள். யுபிஐக்கும் இப்போது மலேசிய நம்பரைக் கொடுக்கலாம். 2023 ஜனவரியில் வெளிநாட்டு நம்பரில் யுபிஐ என்று பத்து நாடுகளுக்கு அனுமதி வந்தபோது சிங்கப்பூர் இருந்தது, மலேசியா இல்லை. இங்கே எல்லோருக்கும் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். பிறகு பிரான்சோடு மலேசியாவையும் சேர்த்தார்கள். என்ஆர்ஓ அல்லது அதேபோல வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கு இருந்தால் +60 நம்பரிலேயே முடியும், உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று மட்டும் பார்க்கவேண்டும்.

மிஞ்சி நிற்பது ஆதார். வெளிநாட்டு நம்பருக்கு ஆதார் ஓடிபி வராது. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து 30 நாளுக்குள் உறுதிப்படுத்த ஆதார் ஓடிபிதான் எளிய வழி, நெட்பேங்கிங் வழியாகவும் செய்யலாம். இதற்காகவே சிலர் ஆதாரில் அப்பாவின் நம்பரைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யார் கேட்டாலும் ஓடிபியைச் சொல்லாதீர்கள் என்று பெற்றோருக்குப் படித்துப் படித்துச் சொல்வதும் நாம்தான், பிறகு போன் செய்து "அப்பா, அந்த ஆறு நம்பரைச் சொல்லுங்க" என்பதும் நாம்தான். நம் குரலில் வேறொருவன் கேட்டால்?

ஊர் நம்பரே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் உண்டு. பிஆர் (இங்கே நிரந்தர வசிப்புரிமை) கிடைத்தவர்கள், ஊரில் கணக்கு வழக்கை முடித்தவர்கள். தாராளமாக விடலாம், ஆனால் சும்மா காலாவதியாக விட்டுவிடக் கூடாது. துண்டிக்கப்பட்ட நம்பரைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுப்பார்கள். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் டிராய் சொன்ன கணக்கு இது. அப்படி கைமாறும் நம்பர்களின் பட்டியலைப் பார்த்து, வாரம் ஒருமுறை யுபிஐ பதிவுகளைச் சரிசெய்ய வங்கிகளுக்கு 2025 ஏப்ரலில் இருந்து உத்தரவு இருக்கிறது. ஆனால் அது யுபிஐக்கு மட்டும். மற்றதையெல்லாம் நாம்தான் கழற்றவேண்டும்: முதலில் வங்கி, பிறகு எல்ஐசி, பிஎஃப், வாட்ஸ்அப்பில் நம்பர் மாற்றம், கடைசியாக ஜிமெயிலில் ரெகவரி நம்பர். பெரும்பாலோர் மறப்பது அந்த ரெகவரி நம்பரைத்தான்.