தாத்தாவின் குணநலன், ஆறு பக்கத்தில்

பழைய ராணுவ ஆவணங்களைத் தேடித் தரும் ஒரு நிறுவனத்திடம் தாத்தாவைப் பற்றிக் கேட்டிருந்தேன். இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவத்தில் சுபேதார். 1944-இல் இம்பாலில் இருந்தவர். வீட்டில் மிஞ்சியது ஒரு பதக்கமும், ‘அவர் யாரையும் அதட்டமாட்டார்’ என்று அத்தை சொல்லும் ஒரு வரியும்தான். அவர் தன் சிப்பாய்களை எப்படி நடத்தினார் என்பதே என் கேள்வி.

நான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது. தாளும் அச்சும் அருமை. ‘குணநலனும் தலைமையும்’ என்று ஆறு பக்கம்: அஞ்சாதவர், கண்டிப்பானவர், கருணையுள்ளவர். தாத்தாவின் பெயரை எடுத்துவிட்டு எந்த சுபேதாரின் பெயரைப் போட்டாலும் பொருந்தும். போதாக்குறைக்கு ஒரு பக்கம் முழுக்க வேறொருவர் கதை. அதே பெயர், அதே பதவி, ஆனால் அவருடைய பட்டாலியன் அப்போது இத்தாலியில் இருந்தது. எழுதிக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் திருத்தி அனுப்பினார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, உருப்படியாக இருந்தவை கடைசியில் கோத்திருந்த இரண்டு நகல்கள். இரண்டும் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தவை.

ஒன்று, டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ், பிரிட்டிஷ் போர்த் துறை) 172 என்ற கோப்பு வரிசையில் வரும் பட்டாலியன் போர் நாட்குறிப்பு. மழை, ரோந்து, கோவேறு கழுதை, ரேஷன். பெயரோடு வருபவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் அதிகாரிகள். சுபேதார் காயம்பட்டால் ‘ஒரு வி.சி.ஓ.’ (வைஸ்ராயின் ஆணை பெற்ற இந்திய அதிகாரி) என்பதோடு சரி.

மற்றது, டபிள்யூ.ஓ. 373: பதக்கப் பரிந்துரை. ஒற்றைத் தாள். கம்பெனி கமாண்டர் விழுந்ததும் தாத்தா பொறுப்பேற்றிருக்கிறார். ஆட்களைக் குன்றிலிருந்து இறக்கி, கடைசி ஸ்ட்ரெச்சர் போன பிறகே கிளம்பியிருக்கிறார். பதக்கம் வாங்கித் தர எழுதிய தாள், அதில் புகழ்ச்சி இருக்கத்தான் செய்யும்; அதைக் கழித்துவிட்டுத்தான் படித்தேன். ஆனால் ஸ்ட்ரெச்சரைக் கழிக்க முடியவில்லை. கீழே பிரிகேட், டிவிஷன், கோர் என்று தாள் கைமாறிய தேதிகள். பட்டாலியன் கேட்டது மிலிட்டரி கிராஸ் என்ற உயர்ந்த வீரப் பதக்கம். மேலே போன இடத்தில் அதை அடித்துவிட்டு, அதற்கு ஒரு படி கீழான ஐ.டி.எஸ்.எம். (இந்தியன் டிஸ்டிங்விஷ்டு சர்வீஸ் மெடல்) என்று எழுதியிருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் பதக்கம் அதுதான். இந்த அடித்தலைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை! எழுதியவர் தாளைப் பார்த்தாரா என்றே சந்தேகம்.

373 வரிசையைக் காப்பகத்தின் இணையதளத்தில் பெயர் போட்டு நாமே தேடலாம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. நாட்குறிப்புக்குத்தான் கியூவுக்குப் போய்ப் புரட்ட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த வேலையை இவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள்: பக்கம் விடுபடவில்லை, பென்சில் எழுத்துகூடத் தெளிவாக விழுந்திருக்கிறது.

தாத்தாவின் தம்பிக்கும் இவர்களிடமே கேட்டிருக்கிறேன். நகல் மட்டும் போதும், குணநலன் வேண்டாம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.