பரத்பூர் பறவைகள் பூங்காவில் விடியற்காலை ரிக்‌ஷா: படமெடுப்பவர்களுக்கான மதிப்புரை

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவுக்குப் பறவைகளைப் படமெடுக்கச் செல்பவர்கள், வாயிலில் நிற்கும் மிதி ரிக்‌ஷாக்களில் ஒன்றைக் காலை முழுவதற்கும் அமர்த்திக்கொள்வதே நல்லது என்பது, இரண்டு ஜனவரி மாதங்களில் மொத்தம் ஐந்து நாள் விடியலில் சென்றுவந்த என் உறுதியான கருத்து. சுமார் 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஈரநிலத்தில் நடந்து சென்றால் எழும்பிப் பறந்துவிடும் வாத்துகள், தினமும் பார்த்துப் பழகிய ரிக்‌ஷா பக்கத்தில் வந்து நின்றாலும் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கிவிடுகின்றன.

ஆனால் நாம் கொடுக்கும் கூலி வண்டிக்கானது மட்டுமன்று, ஓட்டுபவரின் கண்ணுக்கும் சேர்த்துத்தான். பறவைகளை இனங்காண வனத்துறையிடம் பயிற்சி பெற்றவர்கள் இவர்களில் பலர். எனக்கு வாய்த்த பெரியவர் ஒரு கருவேல மரத்தருகே வண்டியை நிறுத்தி, கையை நீட்டாமல் முகவாயை மட்டும் சற்று உயர்த்திக் காட்டினார். பொந்தின் விளிம்பில் மரப்பட்டையின் நிறத்திலேயே ஒரு சிறிய ஆந்தை கண்மூடி உட்கார்ந்திருந்தது. அவர் சொல்லியிராவிட்டால் அந்த மரத்தை நான் பத்து முறை கடந்திருப்பேன்.

ஜனவரியில் அங்கே சூரியன் உதிக்க ஏழு மணிக்கு மேலாகிவிடும் என்பதோடு, பல நாள் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். அப்படியொரு காலையில் சாரசக் கொக்கு இணை ஒன்று கண்ணில் பட்டபோது, அவர் வண்டியை மெதுவாகத் திருப்பி, வெயில் பறவைகளுக்குப் பின்னாலிருந்து விழும்படி நிறுத்தினார். “கூவும்போது ஆண்தான் சிறகை உயர்த்தும், உயரமானதையே பார்த்துக்கொண்டிருங்கள்” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். இரண்டும் கழுத்தை நிமிர்த்திச் சேர்ந்து கூவியபோது அவர் சொன்னபடியே ஒன்றின் சிறகுகள் முதுகின் மேல் எழுந்தன; இரண்டின் அலகிலிருந்தும் மூச்சு வெண்புகையாகப் பிரிந்து ஒளியில் நின்றது. பனியின் வெண்மையைப் பார்த்துக் கேமரா படத்தை இருட்டாக்கிவிடும் என்பதால், ஒளியளவை ஒரு படி கூட்டி வைத்திருந்தது அப்போது உதவியது.

குறைகளும் உண்டு. இருவர் உட்கார்ந்தால் கேமராவின் முக்காலியை விரிக்க இடமில்லாததால், மணல்பையைக் கைப்பிடியின் மேல் வைத்து, அதில் கேமராவைத் தாங்கியே படமெடுக்க வேண்டியிருக்கும். ரிக்‌ஷா பெரும்பாலும் முதன்மைச் சாலையிலேயே செல்வதால், குறுகிய கரைகளுக்கு நடந்தோ வாடகை மிதிவண்டியிலோதான் போக வேண்டும். நான் தங்கிய விடுதியில், வழிகாட்டியை அவர்கள் மூலமாகவே அமர்த்த வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அதற்கு இணங்காமல் நேரே வாயிலுக்குச் சென்று, அங்குள்ள கட்டண விவரத்தைப் பார்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

கேவலாதேவ் கோயிலருகே, மன்னராட்சிக் கால வேட்டைக் கணக்குகளைப் பொறித்த கற்பலகையையும் அவசியம் பாருங்கள். 1938 நவம்பரில் ஒரே நாளில் 4,273 பறவைகள் சுடப்பட்டதாக அதில் உள்ளது. அதைப் படித்துவிட்டு வண்டியில் ஏறியபோது, இருபதடி தொலைவில் வரித்தலை வாத்துகள் எங்களைப் பொருட்படுத்தாமல் புல் மேய்ந்துகொண்டிருந்தது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

புறப்படுமுன் ஓட்டுநரிடம், பல இடங்களுக்குப் போவதைவிட ஒரே இடத்தில் ஒரு மணிநேரம் காத்திருக்கவே விரும்புகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். எங்கே காத்திருப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.