கேனன் பி-யா, நிக்கான் எஸ்2-வா? ஷட்டர் திரையைப் பார்த்து முடிவெடுங்கள்

கேனன் பி, நிக்கான் எஸ்2 இரண்டும் பழைய ஜப்பானிய ஃபிலிம் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்கள்; அதாவது லென்ஸ் வழியாகப் பார்க்காமல், தனி ஜன்னல் வழியாகப் பார்த்து ஃபோகஸ் செய்பவை. எதை வாங்குவது என்பதற்கு முன் கொஞ்சம் வரலாறு. 1936-இல் வந்த ஹன்சா கேனன் கேமராவின் உடலும் ஷட்டரும் செய்கி கோகாகு (பின்னாளில் கேனன்) செய்தவை. நிக்கோர் லென்ஸும் அதைப் பொருத்தும் மவுண்டும் நிப்பான் கோகாகு (பின்னாளில் நிக்கான்) கொடுத்தவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இரண்டு நிறுவனங்களும் போட்டியாளர்களாயின. கேனன், ஜெர்மானிய லைக்கா கேமராவின் 39 மி.மீ. திருகு மவுண்ட்டுக்குப் போனது. நிக்கானோ 1948-இல் தன் முதல் கேமராவுக்கே இன்னொரு ஜெர்மானியக் கேமராவான கான்டாக்ஸின் பாணியில், செருகித் திருப்பிப் பூட்டும் பயனெட் மவுண்ட்டை எடுத்துக்கொண்டது. எஸ்2 1954-இல் வந்தது, கேனன் பி 1959-இல். நான் வைத்திருப்பது பி.

இரண்டிலும் ஃபிலிமை நகர்த்த நெம்புகோல், 1/1000 நொடி ஷட்டர் வேகம், காட்சியைக் கண்ணுக்குத் தெரியும் அதே அளவில் காட்டும் வியூஃபைண்டர் உண்டு. எஸ்2-வின் வியூஃபைண்டரில் 50 மி.மீ. லென்ஸுக்கான எல்லைச் சட்டம் மட்டுமே, பார்க்கத் தெளிவு. பி-யில் 35, 50, 100 மூன்றும் எப்போதும் தெரியும். மூக்குக்கண்ணாடி அணிந்தவருக்கு 35-இன் ஓரம் கண்ணுக்கு எட்டாது.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானிப்பது ஃபிலிமுக்கு முன்னால் ஓடி ஒளியை விடும் ஷட்டர் திரைதான். எஸ்2-வில் இருப்பது ரப்பர் பூசிய துணி. ரேஞ்ச்ஃபைண்டரில் லென்ஸுக்கும் திரைக்கும் குறுக்கே, எஸ்.எல்.ஆர். கேமராவில் இருப்பதுபோல் பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாததால், மூடியில்லாத லென்ஸ் சூரியனைப் பார்த்தால் ஒளி நேராகத் திரையில் குவிந்து பொத்தலிடும். இருட்டறையில் லென்ஸைக் கழற்றி, பின்கதவைத் திறந்து, முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பின்பக்கம் பாருங்கள். ஓட்டைகள் புள்ளி புள்ளியாக மின்னும். ஓரிரண்டை மெல்லிய கறுப்புத் துணிச்சாயம் அடைக்கும். கனமாகப் பூசினால் திரை விறைத்து வேகம் கெடும். ரப்பரே வெடித்திருந்தால் புதுத் திரைதான் வழி, அதற்குக் கேமராவை முழுக்கப் பிரிக்க வேண்டும்.

பி-யின் திரை துருப்பிடிக்காத எஃகுத் தகடு. வெயிலுக்கு எரியாது, ஆனால் ஃபிலிம் போடும்போது விரல் பட்டால் நசுங்கும். சுருக்கம் விழாத பி அரிது. அதைப் பார்த்து மிரள வேண்டாம். பின்கதவைத் திறந்து, லென்ஸ் இல்லாமல், வானத்தை நோக்கி 1/1000-இல் சில தடவை அழுத்துங்கள். ஃபிலிம் சட்டம் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் தெரிந்தால் போதும். ஒரு விளிம்பு இருண்டால் திரை உரசுகிறது, அல்லது ஸ்பிரிங் இழுவிசை தளர்ந்திருக்கிறது. மடிப்பை நிமிர்த்த முயலாதீர்கள், பக்கத்தில் புது மடிப்பு விழும்.

ஷட்டர் வேகத்தை அமைக்கும் சக்கரமும் பி-க்கே சாதகம்: ஒரே சக்கரம், ஷட்டர் ஓடும்போது சுழலாது. எஸ்2-வில் சுழலும், விரல் உரசினால் எக்ஸ்போஷர் பிசகும்.

லென்ஸுக்கும் திருகு மவுண்ட்தான் மலிவு, தேர்வும் அதிகம். எஸ்2-வில் 50 மி.மீ. தாண்டி எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அதன் டெலி லென்ஸ்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். எஸ்2-தான் வேண்டுமென்றால் திரை மாற்றியதாகப் பார்த்து வாங்கி, படமெடுக்காத நேரமெல்லாம் லென்ஸ் மூடியைப் போட்டே வையுங்கள்.